ஒரு வாசலுக்கு ஐந்து பேர்: தென் கெடாவில் பழைய தோட்டத்து அடுக்குமாடி ஒன்றில் எடுத்த ஆட்கணக்கு

மலேசியாவின் கெடா மாநிலத்துத் தென்பகுதியில் உள்ள கூலிம் வட்டாரத்தில், தோட்டமாக இருந்து நகரமாக மாறிவிட்ட ஓர் ஊரின் மலிவுவிலை அடுக்குமாடிக் குடியிருப்பில், 2022 நடுப்பகுதி தொடங்கி 2024 இறுதி வரை நடந்ததை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. குடியிருப்பின் கூட்டு நிர்வாகக் குழுவுக்கு வெளியிலிருந்து உதவிய சமூகப் பணியாளன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஆட்களின் பெயர், குடியிருப்பின் பெயர், முதலாளி நிறுவனத்தின் பெயர் ஆகியவை தவிர்க்கப்பட்டுள்ளன. இதே நிலையில் இருக்கும் குடியிருப்புகள் தீபகற்பத்தின் மேற்குக் கரையோரம் நெடுகிலும் உள்ளன என்பதால், அங்குள்ள குழுக்களுக்குப் பயன்படும் அளவுக்கு விவரங்கள் தரப்பட்டுள்ளன.

பின்னணி

அடுக்குமாடி நிற்கும் இடத்தில் முன்பு ஒரு பால்மர (ரப்பர்) தோட்டத்தின் லயங்கள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், இருந்தன. பால்மரம் செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) இடம்விட்ட காலத்திலேயே இங்கு ஆட்குறைப்பு தொடங்கிவிட்டது. பால்வெட்டுக்கு வேண்டிய ஆள்பலம் செம்பனைக்கு வேண்டியதில்லை. செம்பனையில் ஒரு தொழிலாளிக்கு எட்டு முதல் பத்து ஹெக்டேர் என்பது தோட்டத் துறையில் பொதுவாகப் புழங்கும் கணக்கு. 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையடைந்ததும், 1996-இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டதும் இவ்வட்டாரத்து நிலத்தின் மதிப்பை மாற்றின. மண்ணில் விளைவதைவிட மண்ணே அதிக விலை பெற்றபோது தோட்டம் மேம்பாட்டாளரிடம் கைமாறியது. லயத்தில் இருந்தவர்களுக்கு அதே நிலத்தின் ஒரு மூலையில் எழுந்த அடுக்குமாடியில் சலுகை விலைக்கு வீடு கிடைத்தது. நான்கு கட்டடங்கள், ஐந்து மாடிகள், மின்தூக்கி கிடையாது, மாடிக்கு எட்டு வீடுகள் வீதம் மொத்தம் 160 வாசல்கள்.

லயத்து வாழ்க்கையும் நெருக்கமான வாழ்க்கைதான். ஓர் அறையும் ஓர் அடுப்படியுமாக இருந்த லயத்து வீட்டில் எட்டுப் பேர் படுத்தெழுந்த குடும்பங்கள் உண்டு. ஆனால் படியிறங்கினால் காய்கறிக் கொல்லை, மாட்டுக் கொட்டகை, பிள்ளைகளை விட்டுச்செல்ல ஆயாக்கொட்டகை, பந்து விளையாடத் திடல், மாரியம்மன் கோயில் வளாகம் என்று இடம் விரிந்துகிடந்தது. வீட்டுக்குள் இல்லாத இடத்தை வெளியில் எடுத்துக்கொள்ள முடிந்தது. அடுக்குமாடியில் மூன்று படுக்கையறை கிடைத்தது, குழாயில் தண்ணீர் வந்தது, மழைக்கு ஒழுகாத கூரை கிடைத்தது. இவை சாதாரண முன்னேற்றங்கள் அல்ல. அதே சமயம் வெளியிடம் ஒரு நடைபாதையாகவும் ஒரு படிக்கட்டாகவும் சுருங்கியது. பிற்காலத்தில் வீட்டுக்குள் ஆள் கூடியபோது, அந்தக் கூட்டம் வழிந்து செல்ல இடம் இருக்கவில்லை.

முதல் பத்தாண்டுகள் பெரிய சிக்கலின்றிக் கழிந்தன. பிறகு பிள்ளைகள் வளர்ந்தார்கள். வேலை தேடிப் பினாங்கு மாநிலத்துப் பிறையிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் குடியேறியவர்கள் ஒரு பகுதி. அவர்களில் சிலர் பெற்றோரையும் உடன் அழைத்துக்கொண்டு வீட்டைப் பூட்டிவிட்டுப் போனார்கள், சிலர் வாடகைக்கு விட்டார்கள். தரைவீடு வாங்க வசதியில்லாமல், திருமணத்துக்குப் பிறகும் தாய் தகப்பனின் அடுக்குமாடி வீட்டிலேயே தங்கிவிட்டவர்கள் இன்னொரு பகுதி. 1 ஏப்ரல் 2022-இல் நாட்டின் எல்லைகள் மீண்டும் திறக்கப்பட்டதும் தொழிற்சாலைகளுக்கு அந்நியத் தொழிலாளர் வருகை மறுபடியும் தொடங்கியது. முகவர்கள் வாடகை வீடு தேடி இந்தக் குடியிருப்புக்கும் வந்தார்கள். அந்த ஆண்டின் நடுப்பகுதிக்குள் பல வீடுகளில் நேப்பாளத்தையும் வங்காளதேசத்தையும் சேர்ந்த தொழிலாளர்கள் தங்கியிருந்தனர்.

முதலில் தெரிந்த அறிகுறிகள்

சிக்கல் தண்ணீரில் வெளிப்பட்டது. இத்தகைய கட்டடத்தில் தரைமட்டத் தொட்டியில் சேரும் நீரைப் பம்பு மேலேற்ற, கூரைத் தொட்டியிலிருந்து அது தானாக இறங்கி வீடுகளுக்குச் செல்கிறது. தொட்டிக்கு மிக அருகில் இருக்கும் ஐந்தாம் மாடிக்குத்தான் நீரழுத்தம் மிகக் குறைவு. தொட்டியில் மட்டம் இறங்கினால் முதலில் வறள்வது அந்த மாடிதான். இரண்டாம் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில், மகன் குடும்பத்தோடும் மகள் குடும்பத்தோடும் வசிக்கும் ஒரு பாட்டி, நிலைமையைத் தெளிவாகச் சொன்னார்: “தண்ணி ராத்திரி மூணு மணிக்குத்தான் ஏறுது தம்பி. அந்நேரத்துக்கு எந்திரிச்சு வாளியில புடிச்சு வெச்சாத்தான் பேரப்புள்ளைங்க குளிச்சிட்டு ஸ்கூலுக்குப் போக முடியும்.” அவர் வீட்டுக் குளியலறையில் ஏழு வாளிகளும் ஒரு பெரிய நீலத் தோங்கும் (தொட்டியும்) வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் எதற்கு என்பது முடிவாகியிருந்தது: குடிக்க, சமைக்க, குளிக்க, கழிப்பறைக்கு.

அடுத்து குப்பை. கீழ்த்தளத்துக் குப்பைத் தோங்குகள் லாரி வருவதற்கு முந்திய நாளே நிரம்பி வழிந்தன. மோட்டார் நிறுத்த இடமில்லாமல் படிக்கட்டு அடிவரை வண்டிகள் நின்றன. இரவில் வேலை முடிந்து வருவோரின் பேச்சும் சமையலும் பகலில் வேலைக்குப் போவோரின் தூக்கத்தைக் கெடுத்தன. 2022 இறுதியில் கூடிய குழுக் கூட்டத்தில் பெரும்பாலோர் ஒரே விளக்கத்தைச் சொன்னார்கள்: ஆள் கூடிவிட்டது, கூடியவர்கள் வெளிநாட்டவர்கள், எனவே அவர்களை வெளியேற்ற வேண்டும். குடிநுழைவு இலாகாவுக்கு மனு எழுதுவதென்று ஒரு வரைவும் தயாராகியிருந்தது.

அந்த வரைவைத் தள்ளிப்போடச் செய்தவர் குழுவின் செயலாளர். ஓய்வுபெற்ற தோட்டக் கிராணியான (எழுத்தரான) அவர், அதிகாலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு ஆளைக் கணக்கிட்டே பழகியவர். “பெரட்டுல பேரு கூப்பிட்டா ஆளு எதிர்ல நிக்கணும். இங்க பேரு ஒரு எடத்துல இருக்கு, ஆளு ஒரு எடத்துல இருக்கு. எத்தனை பேருன்னு தெரியாம யாரைப் போகச் சொல்றது?” என்று அவர் கேட்டார். கணக்கெடுத்த பிறகே மனுவைப் பற்றிப் பேசுவது என்று கூட்டம் ஒப்புக்கொண்டது.

அதிகாரக் கணக்குகள் ஏன் போதவில்லை

முதலில் கைவசம் கிடைக்கும் கணக்குகளைப் பார்த்தோம். நகரத் திட்டமிடலில் அடர்த்தி என்பது பெரும்பாலும் ஏக்கருக்கு இத்தனை வீடு என்றே குறிக்கப்படுகிறது. அந்த அளவின்படி இந்தக் குடியிருப்பின் அடர்த்தி கட்டிய நாளிலிருந்து மாறவே இல்லை. மாற்றம் முழுவதும் கதவுக்கு உள்ளே நடந்தது. ஏக்கர்க் கணக்குக்கு அது தெரியாது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாட்டின் சராசரிக் குடும்ப அளவு 3.8 என்று காட்டியது. 2010-இல் அது 4.2. அதை மட்டும் பார்த்தால் வீடுகளில் ஆள் குறைந்து வருகிறது என்றே கொள்ள வேண்டும். மேலும், எல்லை மூடியிருந்த காலத்துக் கணக்கு, எல்லை திறந்த பிறகு வந்தவர்களைக் காட்ட வழியில்லை.

உண்மையில் பயன்பட்ட எண் வேறிடத்தில் கிடைத்தது. மலேசியக் கழிவுநீர் வடிவமைப்பு விதிகள் ஒரு குடியிருப்பு வீட்டை ஐந்து பேருக்குச் சமமாகவும், ஆளுக்கு நாளொன்றுக்கு 225 லிட்டர் கழிவுநீர் வெளியேறுவதாகவும் கொள்கின்றன. அதாவது ஒரு வாசலுக்கு ஏறக்குறைய 1,125 லிட்டர். ஒரே வாசலில் பதினொரு பேர் இருந்தால் அது 2,475 லிட்டராகிறது. கட்டடத்தின் குழாயும் தொட்டியும் குப்பைத் தோங்கும் இப்படி ஏதோ ஓர் அனுமானத்தின் மீதுதான் நிற்கின்றன. எனவே ‘வாசலுக்கு ஐந்து’ என்பதை எங்கள் ஒப்பீட்டு அளவாக வைத்துக்கொண்டோம். ‘ஆள் அதிகம்’ என்று பொதுவாகச் சொல்வதற்குப் பதிலாக, எந்த வசதி எத்தனை பேருக்காக அமைந்தது, இப்போது எத்தனை பேர் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்க அது வழிகாட்டியது. இந்த ஆய்விலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துச் செல்ல வேண்டுமென்றால் நான் இந்தக் கேள்வியைத்தான் சொல்வேன்.

கணக்கெடுத்த முறை

2023 தைப்பூசம் பிப்ரவரி 5-இல் முடிந்து, ஊருக்கு வந்த உறவினர்கள் திரும்பிய பிறகு கணக்கெடுப்பு தொடங்கியது; திருநாள் சமயத்தில் எண்ணினால் விருந்தினரும் சேர்ந்துவிடுவார்கள். மார்ச் 23-இல் நோன்பு மாதம் தொடங்குவதற்குள் முடிக்கவும் திட்டமிட்டோம். நோன்பு மாதத்தில் அதிகாலையில் சமைப்பவர் கூடுவதால் தண்ணீர்ப் பயன்பாட்டின் நேரமே மாறிவிடும். கெடாவில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை என்பதால் உள்ளூர்க் குடும்பங்களை வெள்ளிக்கிழமை காலையில் சந்திக்க முடிந்தது. தொழிற்சாலை ஆட்களுக்கு அந்த நாட்காட்டி பொருந்தாது. அவர்களை வேலைமுறை மாறும் நேரங்களில் சந்தித்தோம்.

படிவத்தில் பெயர் கேட்கவில்லை. அடையாள அட்டையோ கடப்பிதழோ கேட்கவில்லை. இது நீண்ட விவாதத்துக்குப் பிறகு எடுத்த முடிவு. ஆவணத்தைக் கேட்டால் கதவு திறக்காது, திறந்தாலும் எண்ணிக்கை உண்மையாக இராது. மேலும் அந்த ஆவணங்களைச் சரிபார்க்கும் அதிகாரம் குடியிருப்புக் குழுவுக்கு இல்லை. வாசல் எண், நேற்றிரவு இங்கே படுத்தவர் எத்தனை, பகலில் இங்கே படுப்பவர் எத்தனை, ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை, உரிமையாளர் இங்கே வசிக்கிறாரா என்று ஐந்து கேள்விகள் மட்டும் இருந்தன. தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவரும் கோயில் குழுவைச் சேர்ந்த இருவரும் ஒவ்வொரு வாசலுக்கும் சென்றார்கள். நேப்பாளத் தொழிலாளர்களில் மலாய் நன்றாகப் பேசத் தெரிந்த ஒரு மேற்பார்வையாளர் தாமாக முன்வந்து துணைக்கு வந்தார். அவர் வந்த மாடிகளில் கதவுகள் எளிதாகத் திறந்தன.

இதே நாட்களில், தண்ணீர்க் குழாய் வேலை தெரிந்த ஓர் அண்ணன் இரண்டாம் கட்டடத்துக் கூரைத் தொட்டியில், கோடு போட்ட பிவிசி குழாய் ஒன்றை மணிக்கொரு முறை விட்டு மட்டத்தைக் குறித்துவந்தார்.

கணக்கு காட்டியவை

எதிர்பார்த்ததும் இருந்தது, எதிர்பாராததும் இருந்தது. தொழிலாளர் தங்கும் வீடுகளில் நெருக்கம் கடுமையாகவே இருந்தது. நான்காம் மாடியில் ஒரு வீட்டு வாசலில் பதினொரு சோடி காலணிகள் சுவரோரம் அடுக்கப்பட்டிருந்தன. உள்ளே ஆறு மெத்தைகள். வேலை பன்னிரண்டு மணி நேர முறை இரண்டு. இரவு முறைக்குப் போனவர் எழுந்த மெத்தையில் பகல் முறையிலிருந்து திரும்பியவர் படுத்தார். மாலையில் எட்டிப் பார்த்த அண்டைவீட்டார் அங்கே ஐந்தாறு பேர் என்று நினைத்திருந்தார்கள். ‘நேற்றிரவு’, ‘பகலில்’ என்று இரண்டு கேள்விகளாகப் பிரித்ததால்தான் பதினொன்று என்ற எண் வெளிவந்தது.

எதிர்பாராத முதல் விவரம், ஐந்துக்கு மேல் ஆள் இருந்த வாசல்களில் கணிசமானவை நம் தமிழ்க் குடும்பங்களின் வாசல்கள் என்பது. பாட்டியின் வீட்டில் ஒன்பது பேர். அவருடைய மகனும் மகளும் தனிவீடு தேடாதவர்கள் அல்லர். வைப்புத் தொகையும் இரண்டு மாத முன்பணமும் சேர்த்துக் கட்ட முடியாததால் தங்கிவிட்டவர்கள். பெயர்ப்பட்டியல் இல்லாத, ஒப்பந்தம் இல்லாத, சொந்த வீட்டு நெருக்கம் என்பதால் இதை யாரும் நெருக்கம் என்றே எண்ணியிருக்கவில்லை.

இரண்டாவது, பூட்டிய வாசல்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வீடுகளில் யாருமே இல்லை. இவற்றையும் சேர்த்து வகுத்தால் குடியிருப்பின் சராசரி ஐந்தைத் தொடவில்லை. ஆளில்லாத வாசலும் பதினொரு பேர் வாசலும் சேர்ந்து ஒரு நல்ல சராசரியைத் தந்தன. அந்தச் சராசரியை வைத்து எந்த அலுவலகத்தில் முறையிட்டிருந்தாலும் சிக்கல் எதுவும் இல்லை என்ற பதில்தான் வந்திருக்கும்.

மூன்றாவது விவரம் தொட்டியிலிருந்து வந்தது. அதிகாலை ஐந்தரைக்கும் ஏழரைக்கும் இடையே, பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும், வேலைக்குக் கிளம்பும் பகல் முறையினரும், திரும்பிவரும் இரவு முறையினரும் ஒரே சமயத்தில் குழாயைத் திறந்தார்கள். மட்டம் விறுவிறுவென இறங்கியது. ஆனால் அது மீண்டும் ஏறிய வேகம் இருக்க வேண்டியதைவிட மிகக் குறைவு. கீழே சென்று பார்த்தபோது இரண்டு பம்புகளில் ஒன்று நெடுநாளாகவே இயங்காமல் கிடந்தது. மற்றொன்றின் மிதவையும் பழுதாகியிருந்தது. அந்நியத் தொழிலாளர்கள் வருவதற்கு முன்பே அந்தப் பம்பு நின்றுவிட்டது. பயன்படுத்துவோர் குறைவாக இருந்த வரை ஒரு பம்பே சமாளித்ததால் அது யார் கண்ணிலும் படவில்லை.

பம்பு ஏன் பழுதுபார்க்கப்படவில்லை என்ற கேள்வி நிதிக்கு இட்டுச் சென்றது. இதுதான் முழு விவகாரத்தின் வேர் என்று நான் கருதுகிறேன். 2013-ஆம் ஆண்டு அடுக்கக நிர்வாகச் சட்டத்தின்படி பராமரிப்புக் கட்டணத்தையும், அதன் 10 விழுக்காட்டுக்குச் சமமான தொகையைச் சேமநிதியாகவும் செலுத்தும் பொறுப்பு வீட்டு உரிமையாளருடையது. வாடகைக்கு இருப்பவர் மாதாமாதம் முகவரிடம் பணம் கொடுத்துவிடுகிறார். அதில் பராமரிப்புக் கட்டணமும் அடங்கும் என்று நம்புகிறார். தொலைவில் இருக்கும் உரிமையாளர் பலர் அதைச் செலுத்துவதில்லை. பாக்கி வைத்தவருக்குப் பொதுக் கூட்டத்தில் வாக்களிக்கும் உரிமை இல்லை. வாடகைக்கு இருப்பவருக்கு அந்த உரிமை முதலிலிருந்தே இல்லை. இவ்வாறு, குடியிருப்பில் உண்மையாகவே வாழும் மக்களில் பெரும்பகுதியினர் முடிவெடுக்கும் இடத்தில் இல்லாமல் போனார்கள். முடிவெடுக்க உரிமையுள்ளவர்களோ குடியிருப்பில் இல்லை. பொதுக் கூட்டத்தில் உரிய எண்ணிக்கை சேராமல், அரை மணி நேரம் காத்திருந்து, வந்தவர்களைக் கொண்டு நடத்துவது வழக்கமாகிவிட்டது. மக்கள்தொகை மாற்றம் என்றால் வந்தவர்களைப் பற்றியே பேசுகிறோம். இங்கே, சொந்தக்காரர்கள் போனதுதான் பம்பை நிறுத்தியது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

2023 ஏப்ரலில் கூடிய கூட்டத்தில் கணக்கு வாசிக்கப்பட்டது. குடிநுழைவு இலாகாவுக்கு மனு அனுப்புவதில்லை என்பது முதல் முடிவு. அதற்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. மாதக்கணக்கில் இரைச்சலையும் குப்பையையும் பொறுத்தவர்களின் கோபம் நியாயமானது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஆனால் தொழிலாளர்கள் முதலாளி கொண்டுவந்து தங்கவைத்த ஆட்கள். எத்தனை பேரை ஒரு வீட்டில் போடுவது என்பதை அவர்கள் தீர்மானிக்கவில்லை. ஐந்தாம் மாடிப் பாட்டி கூட்டத்தில் எழுந்து, “அவங்க பதினொரு பேரு, நாங்க ஒம்போது பேரு. தண்ணி ரெண்டு வீட்டுலயும்தான் இல்ல” என்றார். அதற்குப் பிறகு மனுவைப் பற்றி யாரும் வலியுறுத்தவில்லை.

இரண்டாவது முடிவு, நெருக்கத்துக்கான பொறுப்பைச் சட்டம் எங்கே வைத்திருக்கிறதோ அங்கே கொண்டுசெல்வது. தொழிலாளர் குடியிருப்பு, வசதிகளுக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் 1990-இல் தோட்டங்களையும் சுரங்கங்களையும் மனத்தில் கொண்டு இயற்றப்பட்டது. 2019 திருத்தம் அதை மற்றத் துறை முதலாளிகளுக்கும் விரிவாக்கி, 1 ஜூன் 2020 முதல் நடப்புக்கு வந்தது. தங்குமிடத்துக்குத் தொழிலாளர் இலாகாவின் சான்றிதழ் வேண்டும். படுக்கும் இடத்தில் ஆளுக்கு 3.6 சதுர மீட்டர் குறையாமல் வேண்டும். பொதுக்கூடமாக அமைந்த விடுதியில் 3 சதுர மீட்டர். ஒவ்வொருவருக்கும் தனிக் கட்டில், மெத்தை, தலையணை, போர்வை, பூட்டக்கூடிய அலமாரி வேண்டும். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் அறையின் பரப்பு 9 சதுர மீட்டர். அதில் இருவர்தான் படுக்கலாம். அப்படிப்பட்ட மூன்று அறைகளுக்கு ஆறு பேர். ஆறு பேருக்கு ஒரு கழிப்பறை என்ற விதியும் இந்த வீடுகளில் உள்ள ஒற்றைக் கழிப்பறையை வைத்து அதே ஆறில்தான் நிறுத்துகிறது. ஒரு காலத்தில் இந்த நிலத்து லயங்களுக்காக எழுதப்பட்ட வகைச் சட்டம், அதே நிலத்தில் நிற்கும் அடுக்குமாடியில் தங்கிய வேறொரு நாட்டுத் தொழிலாளருக்குப் பயன்பட்டது. முதலில் முகவர் வழியாக முதலாளி நிறுவனத்துக்குக் கடிதம், பதில் இல்லையென்றால் இலாகாவிடம் முறையீடு என்று வரிசை வகுக்கப்பட்டது. தொழிலாளர்களை இரவோடிரவாக இடம்பெயர்க்கக் கூடாது, அவர்கள் சம்பளத்தில் பிடித்தம் செய்யக் கூடாது என்ற கோரிக்கையையும் ஆசிரியையின் வற்புறுத்தலால் கடிதத்தில் சேர்த்தோம்.

மூன்றாவது, பாக்கி வைத்துள்ள உரிமையாளர்களுக்கு முறையான அறிவிப்பு அனுப்பி, பதிலளிக்காதவர்கள் மீது அடுக்கக நிர்வாக நடுவர் மன்றத்துக்குச் செல்வது. உறவுக்காரர், பழைய லயத்து அண்டைவீட்டார் என்ற தயக்கத்தால் இதைக் குழு நெடுங்காலம் தவிர்த்துவந்திருந்தது. தவணையில் செலுத்த ஒப்புக்கொள்வோருக்கு அவகாசம் தருவது என்று முடிவானது.

பம்பை முதலில் சரிசெய்ய வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. கோயில் குழு வட்டியில்லாக் கடனாக ஒரு தொகை தந்தது.

பின்விளைவுகள்

பம்பும் மிதவையும் ஜூன் மாதத்துக்குள் சீரானதும் ஐந்தாம் மாடிக்கு அதிகாலைத் தண்ணீர் திரும்பியது. ஆள் ஒருவர்கூடக் குறையாத நிலையிலேயே இது நடந்தது என்பது குறிப்பிடத்தக்கது. அழுத்தம் முழுமையாகச் சீராகவில்லை. ஆறரை மணி வாக்கில் இன்னமும் குழாயில் நீர் மெலிந்தே வந்தது. ஆனாலும் வாளி வரிசை தேவைப்படவில்லை.

முதலாளி நிறுவனம் முதல் கடிதத்துக்குப் பதிலளிக்கவில்லை. தொழிலாளர் இலாகாவிடம் முறையிட்ட பிறகு நிறுவனப் பேராளர் ஒருவர் நேரில் வந்தார். 2023 இறுதிக்குள் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தொழிற்சாலைக்கு அருகிலுள்ள ஒருங்கிணைந்த தங்குவிடுதிக்கு மாற்றப்பட்டார்கள். எஞ்சிய வீடுகளில் ஆறு பேருக்கு மேல் தங்கவைக்கப்படவில்லை. துணைக்கு வந்த நேப்பாள மேற்பார்வையாளரும் விடுதிக்கு மாறினார். அங்கே தனிக் கட்டில் கிடைத்தது என்றும், கடைக்குப் போக முன்போல நடக்க முடியவில்லை, வேன் பிடிக்க வேண்டியிருக்கிறது என்றும் அவர் சொன்னார்.

இதுவரை எதிர்பார்த்தபடி நடந்தது. அடுத்து நடந்தது எதிர்பாராதது. தொழிலாளர்கள் போனதும் பூட்டிய வாசல்கள் பெருகின. வாடகை நின்றதும், அதுவரை ஓரளவு கட்டணம் செலுத்திவந்த சில உரிமையாளர்களும் நிறுத்திவிட்டார்கள். கீழ்த்தளத்து மளிகைக் கடைக்கார அக்கா, இரவு முறை ஆட்கள் வாங்கிய அரிசி, பருப்பு, முட்டை, தொலைபேசிக் கட்டண அட்டை ஆகியவற்றின் வியாபாரத்தை இழந்து, கடை நேரத்தைக் குறைத்தார். நெருக்கம் தணிந்த அதே மாதங்களில் நிதி மேலும் மெலிந்தது. ஆள் குறைந்தால் எல்லாம் சரியாகும் என்று தொடக்கத்தில் சொல்லப்பட்ட விளக்கத்துக்கு இது நேரடியான பதில்.

இந்தக் கட்டத்தில் செயலாளர் ஒரு வழியைச் சொன்னார். காலியான வீடுகளின் உரிமையாளர்களையும், உள்ளேயே நெருக்கத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களின் இளைய தம்பதிகளையும் குழு இணைத்துவைப்பது. வைப்புத் தொகையைத் தவணையில் பெறுவது. வாடகையிலிருந்து பராமரிப்புக் கட்டணத்தைக் கழித்து நேரே குழுவின் கணக்கில் செலுத்துவது என்று மூவரும் கையெழுத்திடுவது. பூட்டிய வீட்டால் பாக்கிதான் ஏறும் என்பதை உணர்ந்த உரிமையாளர்கள் சிலர் ஒப்புக்கொண்டார்கள். பாட்டியின் மகள் குடும்பம் அதே கட்டடத்தின் இரண்டாம் மாடிக்கு இறங்கியது. 2024-இல் மேலும் சில குடும்பங்கள் இவ்வாறு மாறின. வந்த கட்டணத்தில் கோயிலின் கடன் முதலில் அடைக்கப்பட்டது. நடுவர் மன்றத்துக்குச் சென்ற வழக்குகளில் பெரும்பாலானவை விசாரணைக்கு முன்பே தவணை ஒப்பந்தத்தில் முடிந்தன. தொடர்புகொள்ளவே முடியாத உரிமையாளர்களின் வாசல்கள் இன்றும் பூட்டியே இருக்கின்றன. அவற்றின் பாக்கி தீரவில்லை.

பிள்ளைகள் பற்றிய கேள்வியின் பயனைத் தனியே சொல்ல வேண்டும். அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியின் மாணவர் எண்ணிக்கை 150-க்கும் கீழே சென்று, குறைந்த மாணவர் பள்ளிகளின் பட்டியலில் இருக்கிறது. 2010-இல் நாட்டின் தமிழ்ப்பள்ளிகளில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் இருந்தார்கள். 2020-களின் தொடக்கத்தில் அது ஏறத்தாழ 80,000 ஆகியிருந்தது. இங்கே பிள்ளைகளே இல்லை என்ற எண்ணம் ஊரில் பரவியிருந்தது. படிவங்கள், நெருக்கமான தமிழ் வீடுகளில் ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருப்பதைக் காட்டின. அவர்களில் பலர் பாலர் பள்ளிக்கே செல்லவில்லை. காலையில் அழைத்துப் போக வீட்டில் ஆளில்லை என்பதே காரணம். ஆசிரியை இதைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் எடுத்துச் சென்றார். 2024-இல் அடுக்குமாடி வாசலிலிருந்து ஒரு வேன் ஏற்பாடானது. அதனால் பள்ளியின் நிலை மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. பாலர் வகுப்பில் இடம் நிரம்பியது.

இனி மாற்றிச் செய்ய வேண்டியவை

கணக்கெடுப்பின் முதல் வாரத்திலேயே பூட்டிய வாசல்களின் உரிமையாளரைத் தேடத் தொடங்க வேண்டும். நெருக்கமான வீடுகளைப் பற்றி முதலாளியிடம் பேசுவதற்கு முன்பே, அவை காலியானால் யார் குடிவருவார் என்பதற்கு ஓர் ஏற்பாடு கையில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே ஓராண்டு இடைவெளி விழுந்தால் நிதி அதற்குத் தாக்குப்பிடிக்காது.

பொதுக் கூட்டத்துக்கு வாடகைக்கு இருப்போரையும் வாக்கில்லாத பார்வையாளராக அழைப்பதற்குத் தடையில்லை. தண்ணீர் எப்போது நிற்கிறது, குப்பை எப்போது வழிகிறது என்பதை உரிமையாளரைவிட அவர்களே நன்கு அறிவார்கள். மாடிக்கு ஒருவராக அவர்களிடமிருந்து தொடர்பாளரைத் தேர்ந்தெடுக்கலாம். அந்நியத் தொழிலாளர் தங்கும் மாடியில் அவர்கள் மொழி தெரிந்தவர் கணக்கெடுப்பில் தொடக்கம் முதலே இருக்க வேண்டும்; இம்முறை அப்படியொருவர் தாமாக வந்தது நல்வாய்ப்பு, ஆனால் நல்வாய்ப்பை நம்பித் திட்டமிட முடியாது.

தொழிற்சாலையில் வேலைமுறை மாறும்போதும், பெரிய அளவில் ஆளெடுக்கும்போதும் எண்ணிக்கை சில வாரங்களில் தலைகீழாகும். எனவே ஆண்டுக்கு ஒருமுறை என்பது போதாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, திருநாள்களும் நோன்பு மாதமும் இல்லாத வாரங்களில் எடுப்பது என்று குழு தீர்மானித்திருக்கிறது. புதிய படிவத்தில் இரண்டு கேள்விகள் சேர்ந்துள்ளன: வாடகையைப் பெறுபவர் யார், அந்தத் தொகையில் பராமரிப்புக் கட்டணம் அடங்குமா. பம்பு அறையின் சாவி ஒன்றும், தொட்டி மட்டத்தைக் குறிக்கும் நோட்டும் இப்போது ஒவ்வொரு கட்டடத்தின் தொடர்பாளரிடமும் உள்ளன.